கப்பலில் வந்தவர் குடிமகன், படகில் வந்தவர் அகதி



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். அவர் பிறந்த கோழியாளம் இங்கிருந்து அதிக தூரமில்லை. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர் என்று அவரை நாம் அறிவோம். இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கடல் கடந்து வாழ்ந்தார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1900இல் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்கா சேர்ந்து மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அந்த மண்ணில் அவர் பேசக் கேட்ட தமிழ், பெருமளவு நம்முடைய சேரிகளிலிருந்து போன தமிழ். எனவே இடப்பெயர்வைப் பற்றிப் பேசுவது அவர் நினைவுக்குப் பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

இலங்கையின் நீண்ட போரினால் தமிழ்நாட்டுக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் முகாம்களில் இருக்கும் மக்களைப் பற்றியது இந்த உரை. ‘ஈழ அகதிகள்’ என்று ஒரே சொல்லில் நாம் சுருக்கிவிடுகிற அவர்களுக்குள் மலையகத் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன், பூட்டன் புறப்பட்ட இடம் தமிழ்நாட்டுச் சேரி. போர் அவர்களை அகதியாக்கியது என்பது பாதி உண்மை. நிலம் இல்லாதவர்களாக அவர்கள் இங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். நிலம் இல்லாததாலேயே அங்கே வாக்குரிமை இழந்தார்கள். இன்று இங்கே குடியுரிமை இல்லாமல் நிற்பதும் அதே வரிசையின் கடைசிக் கண்ணி. இதை ஒவ்வொரு படியாக விளக்க முயல்கிறேன்.

நிலமும் வாக்கும்

உத்திரமேரூரில் பேசுகிறவர்கள் கல்வெட்டைத் தொடாமல் போக முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுதல், கணக்குக் காட்டாதவருக்குத் தகுதி இல்லை என்ற விதி என்று எல்லாம் இருக்கிறது. உலகின் பழைய மக்களாட்சி என்று பாடப்புத்தகம் பெருமைப்படுகிறது.

அதே கல்வெட்டு தகுதியையும் சொல்கிறது. இறை செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். வேதம் கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர், நாற்று நட்டவர், ஏரிக்கு மண் சுமந்தவர் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. நிலம் இருந்தால் மனை, மனை இருந்தால் பெயர், பெயர் இருந்தால் ஓலை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது காகிதத்தில் திரும்பி வருகிறது.

செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டவர்கள்

வெள்ளையர் ஆட்சியில் நம் பகுதி செங்கல்பட்டு ஜில்லா. இங்கே மிராசி முறை வலுவாக இருந்தது. ஊரின் விளைநிலம், தரிசு, மேய்ச்சல், நத்தம் எல்லாவற்றிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரிக்காரர் படியாளாக உழைத்தார். தரிசு நிலத்துக்கு அவர் தரகாஸ்து போட்டால் மிராசுதாரின் ஆட்சேபணைதான் முதலில் கேட்கப்பட்டது. அவர் குடிசை போட்டிருந்த மனைகூட அவருடையது இல்லை. வேலைக்கு மறுத்தால் மனையைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பக்கிங்காம் கால்வாயில் பஞ்ச நிவாரண வேலைக்கு மண் வெட்டியவர்களில் செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் திரளாக இருந்தார்கள். ஆனால் கடல் கடந்து போவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1834 முதல் மொரீஷியஸ், 1860 முதல் நேட்டால், பிறகு ஃபிஜி என்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் செங்கல்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் அதிகம். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் பெரும்பாலும் இலங்கை போனார்கள். திசை வேறு, காரணம் ஒன்று.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், இந்த ஜில்லாப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமும் மனையும் சொந்தமில்லாமல் இந்த மக்களுக்கு விடிவில்லை என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழியே வந்ததுதான். முதல் பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனை. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பதை இந்த மாவட்டத்துக்குச் சொல்லத் தேவையில்லை. காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

ஆக, நம் மக்கள் கப்பல் ஏறியதை ‘பிழைப்புத் தேடிப் போனார்கள்’ என்று சொல்வது போதாது. நிலம் கேட்டுக் கிடைக்காமல் போனார்கள்.

லயமும் துண்டும்

இலங்கையில் 1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1869க்குப் பிறகு இலைநோய் காப்பியை அழிக்க, தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்துக்கு ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். அதனால் போய்வந்த கூலிகள் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் வழிநெடுகச் செத்தார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு பயணம் சுலபமானது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் வைத்து, கூலிகளைத் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்து அனுப்பியது. அந்த மண்டபம் பின்னால் மீண்டும் வரும்.

ஆள் சேர்த்தவர் கங்காணி. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஆதிக்க சாதியினர். ஆட்களில் பெரும்பான்மை பறையர், பள்ளர், சக்கிலியர். ஊரில் கொடுத்த முன்பணம் தோட்டத்தில் கடனாக ஏறும். கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் அந்தத் துரை துண்டுப் பணத்தைக் கட்ட வேண்டும். ஆள் கைமாறினார், கடன் கூடவே போனது. 1921இல்தான் துண்டு ஒழிக்கப்பட்டது.

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். லயத்தில் குடியானவர் வரிசை வேறு, தாழ்த்தப்பட்டோர் வரிசை வேறு. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’ கதையில் சேரிப் பெண் மருதி இலங்கைத் தோட்டத்துக்குப் போகிறாள். ஊரின் கொடுமையிலிருந்து தோட்டத்தின் கொடுமைக்கு அவள் இடம் மாறுகிறாளே தவிர, விடுதலை ஆவதில்லை. இலக்கிய அரங்கில் அந்தக் கதையை மறுபடி வாசிக்க வேண்டும் என்று சொல்வேன்.

வாக்கு பறிபோன கதை

1931இல் இலங்கையில் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் தோட்ட மக்கள் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள். உழைக்கும் மக்கள் வாக்குச் சீட்டால் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆட்சியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவரிடம் பாட்டனின் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறப்பதுபோல் வந்தது. வருமானம், தொடர்ந்த வசிப்பு என்று அதற்கும் சான்றுகள் வேண்டும். அதே ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம், குடியுரிமை இல்லாதவரின் வாக்கை எடுத்தது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். நாட்டின் அந்நியச் செலாவணியைத் தங்கள் விரல் நுனியால் கிள்ளிக் கொடுத்தவர்களுக்கு ‘கள்ளத்தோணி’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அப்போது அமைச்சரவையில் சேர்ந்து, 1949 குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வடக்கிலும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் வழக்கில் இருந்தது. மொழி ஒன்றாக இருந்தும் நிலம் இல்லாதவரைத் தன்னவர் என்று எல்லோரும் ஏற்கவில்லை.

கப்பல்

1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் தொகை 9,75,000 என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேர் விஷயம் பிறகு என்று முடிவு. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்கவில்லை. இரு நாடுகளும் நல்லுறவுக்காக மனிதரை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணின. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிடக் குறைவு. இலங்கையிலேயே இருக்க விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கியதைவிட மிக அதிகம். அதுதான் அவர்கள் சொன்ன பதில்.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ‘ராமானுஜம்’ கப்பலில், நாலரை லட்சத்துக்கும் அதிகமானோர் வெவ்வேறு ஆண்டுகளில் வந்தார்கள். இவர்களுக்குச் சட்டப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ இவர்களை வைத்தே வளர்ந்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. சிலருக்குக் கடன், சிலருக்கு வீட்டுமனை, பலருக்கு மறுபடியும் கூலி வேலை. சேரிக்காரர் என்பதால் வெளியேறிய குடும்பம் திரும்பி வந்தபோது, சாதிச் சான்று கேட்டு அலுவலகப் படி ஏறி இறங்கியது. ‘உன் பூர்வீக ஊர் எது, அதற்கு என்ன அத்தாட்சி’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இட ஒதுக்கீட்டை இழந்த பிள்ளைகள் உண்டு. இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும், அவர்கள் இந்தியக் குடிமக்கள். வாக்கு இருந்தது.

படகு

எல்லோரும் கப்பல் ஏறவில்லை. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 இனக் கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஓடின. காந்தியம் என்ற அமைப்பு அவர்களைக் காடு திருத்திக் குடியேற உதவியது. டாக்டர் ராஜசுந்தரம் அதன் முன்னோடிகளில் ஒருவர். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டாலர் பண்ணை, கென்ட் பண்ணை ஆகிய இடங்களில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. முதல் தடவையாகச் சொந்தம் என்று ஒரு துண்டு மண்ணில் கால் ஊன்றியவர்கள், போரின் எல்லைக்கோட்டிலேயே ஊன்றியிருந்தார்கள்.

1983 ஜூலைக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் நான்கு அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மீன்பிடிப் படகில் இரவில் இறங்கியவர்களை அரசு கொண்டுபோய் வைத்த இடம், பாட்டனைக் கூலியாக அனுப்பிய அதே மண்டபம் முகாம். 1984இல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்று வரிசையில் காத்திருந்தவர்கள் தோட்டத்திலேயே சிக்கினார்கள். அதே வரிசையில் நின்று, கலவரத்துக்குப் பயந்து படகேறியவர்கள் இங்கே இறங்கியபோது அவர்கள் பெயர் ‘அகதி’.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அண்ணன் 1982இல் கப்பலில் வந்தார், குடிமகன். தம்பி 1984இல் படகில் வந்தார், அகதி. ஒரே லயம், ஒரே பாட்டன், தமிழ்நாட்டில் ஒரே பூர்வீகச் சேரி. நடுவில் மாறியது பயணச்சீட்டு மட்டும்.

போரிலிருந்து தப்புவதிலும் சாதியும் நிலமும் வேலை செய்தன. வீடும் நிலமும் விற்று முகவருக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் கனடாவும் ஐரோப்பாவும் சென்றார்கள். அவர்கள் பட்ட பாடும் சிறிதல்ல. ஆனால் அந்த நாடுகளில் குடியுரிமை கிடைத்தது. படகுக் கூலி மட்டும் கொடுக்க முடிந்தவர்கள் தமிழ்நாடு வந்தார்கள். அதுவும் முடியாதவர்கள் வன்னியிலேயே இருந்து 2009ஐச் சந்தித்தார்கள். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தும் நெடுங்காலம் நலன்புரி முகாம்களில் கிடந்தவர்களில் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் நம் பேச்சு நேர்மையாகாது. யாழ்ப்பாணத்துத் தலித் மக்களின் வாழ்வை ‘பஞ்சமர்’ நாவலில் எழுதிய கே. டானியல் 1986இல் தஞ்சாவூரில் காலமானார். அவர் அடக்கமானதும் அங்கேதான். அவரைப் போல் இங்கே மண்ணுக்குள் போனவர்கள் ஆயிரம் பேர். மண்ணுக்கு மேலே உரிமையோடு நிற்க முடியாதவர்கள் இன்னும் பல்லாயிரம்.

சட்டம் எங்கே அடைக்கிறது

நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருப்பதாக அரசுக் கணக்கு. பத்துக்குப் பத்து வீடு, குறித்த நாளில் ஆள் கணக்கெடுப்பு, வெளியூர் போக அனுமதி. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் முகாம் வாசலில் தலைகாட்ட நிற்கிறார்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கெடுபிடி கூடியது. சந்தேகத்துக்குரியவர் என்று கருதப்பட்டவர்களை அடைக்கும் சிறப்பு முகாம் ஒன்று நம் செங்கல்பட்டிலேயே நடந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முன்வந்தது. மாத உதவித்தொகையும் உயர்ந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது.

1955 குடியுரிமைச் சட்டத்தை மாணவர்கள் தேதிகளோடு புரிந்துகொள்ள வேண்டும். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய், தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு ஒருவர் குடிமகனாக இருப்பதோடு, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இல்லாமலும் இருக்க வேண்டும். முறையான பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுவார். குண்டுக்குப் பயந்து படகேறியவர் விசா வாங்கியா வருவார்? முகாம்ப் பெண் உள்ளூர்க்காரரைக் கல்யாணம் செய்து, பிள்ளை இங்கேயே பிறந்தாலும், தாயின் படகு பிள்ளையின் குடியுரிமையை மறிக்கிறது.

பிறப்பால் இல்லையென்றால் பதிவு மூலம் கேட்கலாமே என்பீர்கள். ‘இந்திய வம்சாவளி’யினர் ஏழாண்டு வசித்தால் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் சட்டம் வம்சாவளி என்று சொல்வது, தானோ தன் பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் மட்டும். இலங்கைக்குக் கூலி ஆள் போவதை இந்திய அரசு 1939இல் தடை செய்தது. இன்றைய முகாம் இளைஞருக்கு இங்கே பிறந்தவர் பாட்டனோ பூட்டனோதான். இலங்கை 1948இல் பாட்டனைக் காட்டு என்று கேட்டுத் துரத்தியது. இந்தியா பாட்டன் போதாது என்கிறது. தவிர, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரை இருக்கும்வரை பதிவு வழியும் அடைப்பு, நீண்டகால வசிப்பு வழியும் அடைப்பு.

2019 திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு அந்த முத்திரையை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முஸ்லிம்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. ஜெயிலுக்கு அனுப்பமாட்டோம் என்பது நிம்மதிதான். ஆனால் தண்டிக்கப்படாத அந்நியராக இருப்பதும் குடிமகனாக இருப்பதும் ஒன்றல்ல.

நீதிமன்றத்தில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் வழக்கில், இவர்களைச் சாதாரணச் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்க முடியாது, விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று தீர்ப்பளித்தது. 2022இல் அதே கிளை, 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. அவர் கேட்டது சலுகை இல்லை. சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த உரிமை. அதைப் பெற ஒரு வழக்கு தேவைப்பட்டது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

காகிதம் முதலில், தீ பிறகு

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே முறையைப் பார்க்கலாம். 1982இல் பர்மா கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியா மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 2017இல் ஊர்கள் எரிந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். இலங்கையில் 1949இல் வாக்கு போனது. 1977இலும் 1983இலும் லயம் எரிந்தது. அசாமில் 2019இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்டார்கள். முதலில் பெயர் பட்டியலிலிருந்து போகிறது. வாக்கு இல்லாதவருக்காகப் பேச எந்தக் கட்சிக்கும் அவசரம் இல்லை. தீ வைப்பவனுக்கு அதன் பிறகு தைரியம் வருகிறது.

பட்டா, பத்திரம், பள்ளிச் சான்று, பாட்டனின் பிறப்புப் பதிவு எல்லாம் நிலம் உள்ள வீட்டின் இரும்புப் பெட்டியில் இருப்பவை. குடிசை எரிந்தவர், ஏரிக்கரையிலிருந்து அகற்றப்பட்டவர், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர் கையில் அவை நிற்பதில்லை. நம் மாவட்டத்திலேயே இன்று பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் எடுப்பதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் போராடுகிறார்கள். அந்த வயல்களில் பட்டா இல்லாமல் கூலிக்கு உழைக்கிறவரின் இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்ற கேள்வியும் இதே குடும்பத்துக் கேள்விதான்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஆவணம். முகாமில் இருக்கும் மலையகக் குடும்பங்களிடம் பழைய இந்தியக் கடவுச்சீட்டு, 1964 ஒப்பந்தத்தின்கீழ் விண்ணப்பித்த சீட்டு, தோட்டத்துப் பிறப்புப் பதிவு, கப்பலில் வந்த உறவினரின் குடும்ப அட்டை ஏதாவது ஒன்று இருக்கும். சட்டம் படிக்கும் மாணவர்கள் அவற்றைத் திரட்டவும், விண்ணப்பம் எழுதவும், 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களை அடையாளம் காணவும் உதவ முடியும். ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்துக்கே வழி திறக்கும்.

இரண்டாவது, கோரிக்கையின் மொழி. ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடையில் உருகினால் கைதட்டல் கிடைக்கும். அது சட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாது. வம்சாவளி என்ற வரையறையைப் பாட்டன், பூட்டன் வரை நீட்ட வேண்டும். 1964, 1974 ஒப்பந்தங்களில் இந்தியா ஏற்ற எண்ணிக்கையின் நிறைவேறாத மீதியை இந்த மக்களுக்கு ஈடு செய்ய வேண்டும். போருக்குத் தப்பி வந்தவரைச் சட்டவிரோதி என்னும் சொல்லிலிருந்து, மதம் பார்க்காமல், நீக்க வேண்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதற்கு ஈடான உள்நாட்டுச் சட்டமாவது வேண்டும்.

மூன்றாவது, அவர்கள் விருப்பம். இலங்கை 2003இல் மலையகத் தமிழருக்கும், 2009இல் இந்திய முகாம்களில் இருப்போருக்கும் குடியுரிமைக்கு வழி செய்து சட்டங்கள் இயற்றியது. திரும்பிப் போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் அதிகம். 1964இல் செய்ததுபோல் அவர்களைக் கேட்காமல் நாம் முடிவு செய்துவிடக் கூடாது.

நான்காவது, நம் இலக்கியம். 2023இல் மலையக மக்கள் தங்கள் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். அந்த நடையின் முதல் பாதி நம் சேரிகளில் தொடங்குகிறது. அது இன்னும் எழுதப்படவில்லை. ‘எங்கள் தாத்தாவின் அண்ணன் சிலோன் போனார், திரும்பவில்லை’ என்று சொல்லும் கிழவிகள் தமிழ்நாட்டுச் சேரிகளில் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஜில்லாவில் அது மொரீசாக, நேட்டாலாக, ரங்கூனாக இருக்கும். ஊர், தெரு, குலதெய்வம், போன ஆண்டு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். இலக்கியத்துக்கு அது கதை. முகாமில் ஒருவருக்கு அதுவே பூர்வீகச் சான்றாகவும் ஆகலாம்.

நிலம் உள்ளவன் பெயர் மட்டும் ஓலையில் ஏறும் என்று சோழர் காலம் கல்லில் வெட்டியது. அந்த விதியை ஒழித்து, ஒருவருக்கு ஒரு வாக்கு என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுத வைத்தவர் அம்பேத்கர். அந்த வாக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. நம் சேரிகளிலிருந்து கூலிகளாகப் புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நாற்பது ஆண்டு இதே தமிழ்நாட்டில் வாழ்ந்தும் கிடைக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்துக் கேட்பது நம் வேலை.

ஜெய் பீம்.